பெயர் தைத்த தலையணை உறைகள்: ஸ்ரெப்ரெனிட்சாப் பெண்களின் கூட்டுக் கலையும் மனநலமும்

போஸ்னிய முஸ்லிம் வீடுகளில் காப்பி அருந்தும் சிறு கிண்ணத்திற்கு ஃபில்ஜான் என்று பெயர். கைப்பிடி இல்லாதது; சில மிடறுகளுக்கு மேல் கொள்ளாது. அரபியில் இது ஃபின்ஜான். அதற்கும் மூலம் பாரசீகத்தின் பிங்கான். நம் வீடுகளில் பீங்கான் என்று வழங்கும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. 2006ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று சாராயேவோ நகரில் 923 ஃபில்ஜான்கள் தரையில் பரப்பி வைக்கப்பட்டு, அவற்றில் காப்பி ஊற்றப்பட்டது. ஒருவரும் அதை அருந்தவில்லை. அருந்த வேண்டியவர்கள் 1995ஆம் ஆண்டு அதே ஜூலை மாதத்தில் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இதனை அமைத்தவர் ஐதா ஷெஹோவிச் என்னும் கலைஞர். பான்யா லூக்காவில் பிறந்து, 1992இல் போரின் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்தவர். கணவன்மாரை இழந்த ஸ்ரெப்ரெனிட்சாப் பெண்களிடம் பேசியபோது, அவர்களோடு சேர்ந்து காப்பி குடிப்பதற்கு இயலாமற் போனதே தாங்கமுடியாததாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதுதான் அவருடைய எண்ணத்திற்குத் தொடக்கம். படைப்பின் தலைப்பு 'ஷ்தோ தே நேமா'. 'நீ ஏன் இங்கில்லை' என்று அதைத் தமிழாக்கலாம்.

கூட்டாகச் செய்யப்படும் கலைப்பணி மனநலத்திற்குத் துணையாகும் என்ற கருத்து இன்று மருத்துவ உலகிலும் ஏற்புப் பெற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோயைத் தடுப்பதிலும் நோயுற்றோரைப் பேணுவதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று கூறியது. இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வகை எழுத்துகளில் தவறாமல் வந்துவிடும் 'ஆற்றுதல்' என்ற சொல்லை ஸ்ரெப்ரெனிட்சாவின் முன் வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தயக்கம் உண்டாகிறது. அப்பெண்களின் கைவேலை அவர்களுடைய துயரைக் குறைத்ததா என்ற கேள்வி இரண்டாம் நிலையில் உள்ளது. துயர்கொள்வதற்கே இடமற்றுப் போனவர்களுக்கு அது ஓர் இடத்தை அமைத்துக்கொடுத்தது என்பதே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு. தலையணை உறை, கம்பளம், காப்பிக் கிண்ணம் ஆகிய மூன்றையும் அந்நோக்கில் அணுகுவோம்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வது போதும். 1993 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் அவையால் 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவிக்கப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா, 1995 ஜூலை 11 அன்று போஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. ஐ.நா.வின் பெயரால் அங்கிருந்த டச்சுப் படையினர் தடுக்கவில்லை. அடுத்து வந்த நாள்களில் 8,000க்கும் அதிகமான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். 20,000க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் முதியோரும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் துஸ்லா நகரை அடைந்தனர். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2001இலும், மேல்முறையீட்டில் 2004இலும், பின்னர் 2007இல் பன்னாட்டு நீதிமன்றமும் இதனை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தன.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி இதற்குப் பின்னால் வருகிறது. கொன்றவர்கள் தடயத்தை மறைப்பதற்காக, புதைத்த சடலங்களை எந்திரங்களால் தோண்டியெடுத்து வேறு குழிகளில் கொட்டினர். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. துஸ்லாவில் தங்கியிருந்த பெண்ணுக்குக் கணவன் இறந்துவிட்டான் என்று சொல்லச் சான்றில்லை. உயிரோடிருக்கிறான் என்று நம்பவும் வழியில்லை.

இந்த இடைநிலைக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் ஒரு பெயர் உண்டு. உயிரோடிருப்பதும் இறந்ததும் அறியப்படாமல் காணாமற் போனவரை அவை 'மஃப்கூத்' என்கின்றன. அவருடைய சொத்து பங்கிடப்படாமல் நிறுத்திவைக்கப்படும். அவருடைய மனைவி எத்தனை காலம் காத்திருப்பது என்பதில் இமாம்கள் வேறுபட்டனர். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி நான்கு ஆண்டுகள் என்றார் இமாம் மாலிக். அதன் பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாடோ, அவருடைய வயதொத்தோர் யாவரும் இறக்கும் காலம்வரை காத்திருக்கச் சொன்னது. போஸ்னிய முஸ்லிம்கள் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். இந்தியாவில் இதே சிக்கலுக்குத் தீர்வாக மாலிகி கருத்தை ஹனஃபி உலமாக்கள் ஏற்றுக்கொண்டதும், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் நான்கு ஆண்டு என்ற வரம்பு இடம்பெற்றதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. காணாத மய்யித்துக்குத் தொழும் தொழுகையை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்கிறது; ஹனஃபி மத்ஹபு ஏற்பதில்லை. சடலமில்லாத இடத்தில் ஜனாஸா இல்லை. ஜனாஸா இல்லாத இடத்தில் துக்கத்திற்குத் தொடக்கமும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் 1970களிலிருந்து ஆராய்ந்து, 1999இல் நூலாக வெளியிட்ட 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தாக்கம் இதே நிலையைத்தான் குறிக்கிறது. இத்தகையோரின் மனம் முடங்கிவிடுவதற்குக் காரணம் அவர்களுடைய உள்ளத்தின் பலவீனமன்று, இழப்பின் தன்மையே என்பது அவர் கருத்து. ஃபகீஹுகள் சட்டத்தின் வழியே கண்டதை அவர் மருத்துவத்தின் வழியே கண்டார் எனலாம்.

திருக்குர்ஆனில் மஃப்கூதின் தந்தையாக நாம் காண்பது யஅகூப் (அலை) அவர்களை. அழகிய பொறுமையை மேற்கொண்ட அதே நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின என்று சூரா யூஸுஃப் கூறுகிறது. பொறுமையும் பெருந்துயரும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மனம் கலங்கியவரிடம் 'ஈமான் குறைவு' என்று கூறிவிட்டு நகரும் பழக்கம் நம்மிடையே உள்ளது. அவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று ஓத வேண்டும். அதே சூராவில் சட்டை ஒன்று மூன்று முறை வருகிறது. பொய்யான இரத்தம் பூசப்பட்டதாக ஒரு முறை, பின்னாலிருந்து கிழிக்கப்பட்டதாக ஒரு முறை, முகத்தில் போடப்பட்டுப் பார்வையைத் திருப்பித் தந்ததாக ஒரு முறை. மூன்று இடங்களிலும் அந்தத் துணியே சாட்சி.

ஸ்ரெப்ரெனிட்சாவிலும் துணியே முதற்சாட்சியாயிற்று. மரபணுச் சோதனை 2001இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்னர், குழிகளில் கிடைத்த உடைகளையும் பொருள்களையும் படமெடுத்து, தொகுப்பாக அச்சிட்டு, குடும்பத்தாரிடம் காட்டினார்கள். தாய்மார்கள் அப்பக்கங்களைப் புரட்டினர். ஆயிரமாயிரம் பேர் அணியும் கடைச் சட்டையில் அடையாளம் இல்லை. தாம் போட்ட ஒட்டு, தாம் மாற்றித் தைத்த பொத்தான், தாம் பின்னிய கம்பளி என்று தம் கைவேலை தெரிந்த இடத்தில்தான் அடையாளம் இருந்தது. சூரா யூஸுஃபின் சட்டையோடு மகன் உயிருடனிருக்கும் செய்தியும் வந்தது. இவர்களுக்குச் சட்டை மட்டும் வந்தது.

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு தலையணை உறைகளைப் பார்க்க வேண்டும். துஸ்லாவில் உருவான 'ஸ்ரெப்ரெனிட்சாப் பெண்கள்' சங்கத்தினர் மாதந்தோறும் 11ஆம் நாள் நகரில் மௌனமாக ஊர்வலம் சென்றனர். அவர்கள் கைகளில் பிடித்திருந்தவை தலையணை உறைகள். ஒவ்வோர் உறையிலும் காணாமற்போன ஒருவரின் பெயர் நூலால் தைக்கப்பட்டிருந்தது. பல உறைகளை இணைத்து நீண்ட பட்டைகளாக்கி, பலர் சேர்ந்து ஏந்திச் சென்றனர்.

கலை விமர்சகர்கள் இதனைப் பெரிதாகப் பேசியதில்லை. நிழற்படங்களில் எழுத்துகள் ஒழுங்கற்றும், நூலின் நிறங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் தெரிகின்றன. ஆயினும் மூன்றினுள் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். கொடி, பதாகை, அட்டை ஆகிய எதிலும் பெயரை எழுதியிருக்கலாம். அவர்கள் தேர்ந்தது, ஒருவன் அன்றாடம் இரவில் தலைவைக்கும் துணியை. புதைகுழி எங்கே என்று தெரியாத உடலுக்குத் தலைசாய்க்க ஓரிடம். அதிலும் பெயரை மை கொண்டு எழுதாமல் ஊசியால் எழுதினார்கள். ஓர் எழுத்தைத் தைத்து முடிக்கும் நேரம் முழுவதும் அந்தப் பெயரோடு இருந்தாக வேண்டும். அருகில் வேறொருத்தி வேறொரு பெயரைத் தைத்துக்கொண்டிருப்பாள்.

இது உருவம் தவிர்க்கும் இஸ்லாமியக் கலை மரபின் வெளிப்பாடு என்று முடிவுகட்ட நம் கட்டுரையாளர்களுக்கு ஆசை எழக்கூடும். அவசரப்பட வேண்டாம். அதே சங்கத்தின் துஸ்லா அலுவலகச் சுவர்கள் இறந்தோரின் நிழற்படங்களால் நிறைந்திருந்தன. அவர்கள் முகத்தை விலக்கவில்லை. நிழற்படம் கிடைத்ததைச் சுவரில் மாட்ட முடிந்தது. பெயரையோ தாமே செய்ய முடிந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் போஸ்னியப் பெண்களின் சமய வாழ்விலுள்ள ஒரு வழக்கத்தையும் நோக்க வேண்டும். மரணம் நேர்ந்த வீட்டில் பெண்கள் கூடித் திக்ரும் குர்ஆன் ஓதலும் செய்வதை அவர்கள் 'தெவ்ஹீத்' என்கின்றனர். 'பூலா' எனப்படும் மார்க்கக் கல்வி பெற்ற பெண் அதை நடத்துவாள். நார்வே மானுடவியலாளர் டோன் பிரிங்கா, போருக்கு முன் போஸ்னியக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்ந்து 1995இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். மரண நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், ஆண்டு நிறைவு என்று அது முறை வைத்து நடக்கும். நம் ஊர்களின் ஏழாம், நாற்பதாம் நாள் ஓதல்களை அறிந்தோருக்கு இதில் வியப்பொன்றும் இராது. அவற்றைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் இங்கே நம் பொருளும் அல்ல. நாற்பதாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மரண நாள் தெரியாதவளுக்கு நாற்பதாம் நாளும் இல்லை. மாதத்தின் 11ஆம் நாளை அப்பெண்கள் தமக்கென வைத்துக்கொண்டதை இந்த வெறுமையோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். ஓதலின் இடத்தைத் தையல் பிடித்துக்கொண்டது என்று நான் கூறவில்லை. ஓதல் நிற்பதற்கு வேண்டிய நாளையும் கூட்டத்தையும் தையல் மீட்டுக்கொடுத்தது.

இனிக் கம்பளங்கள். துஸ்லாவில் 1994இல் உருவான 'போஸ்ஃபாம்' என்ற பெண்கள் அமைப்பு, ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் அகதிப் பெண்களுக்குக் கம்பளி நூல் வழங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் பள்ளித் தலைமைப் பொறுப்பிலிருந்த முனீரா ஹாஜிச் அதன் நிறுவனர். போர் நடந்துகொண்டிருந்தபோது பின்னலூசி பிடித்த பெண்கள், பிறகு தறியில் அமர்ந்து போஸ்னியாவின் பாரம்பரியக் கம்பளமான கிலிமை நெய்தனர். 2007 முதல், கொல்லப்பட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய சிறு நெசவுத் துண்டுகளை நெய்து, அவற்றை இணைத்து நினைவு விரிப்புகளாக்கினர். அவை வெளிநாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இப்பெண்களைப் பற்றி எழுதும்போது 'தறியின் தாளத்தில் காயங்கள் ஆறுகின்றன' என்ற பாணியிலேயே எழுதிவந்துள்ளன. தறியின் பயனை நான் ஐயுறவில்லை. கை ஓர் ஒழுங்கில் இயங்கும்போது நினைவு வந்து மோதும் வேகம் தணிகிறது. பக்கத்தில் இருப்பவளிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை; அவளுக்கும் அதே ஜூலை. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். வருகிற ஒவ்வொரு விருந்தினரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்த எழுத்துகள் விட்டுவிடும் ஒன்றுண்டு: கம்பளத்திற்கு விலை உண்டு. வீட்டின் வருவாய் முழுவதையும் ஒரே வாரத்தில் இழந்த பெண்ணுக்கு, தான் நெய்ததற்குக் கூலி வாங்கி வீடு திரும்புவதும் மனநலமே. உதவி நிறுவனங்களின் கவனம் வேறு போர்களுக்கு நகர்ந்தபோது, கம்பளம் விற்பது கடினமாயிற்று. அப்போது குறைந்தது வருமானம் மட்டுமன்று, தறிக்கு வந்துபோகும் காரணமும்தான். கலையைச் சிகிச்சை என்று மட்டும் எண்ணியவர்கள் இதனைக் கணக்கிலெடுக்கவில்லை.

சிகிச்சை என்னும் கண்ணோட்டத்தின் மீது மருத்துவர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்ததுண்டு. பிரித்தானிய மனநல மருத்துவர் டெரெக் சம்மர்ஃபீல்ட் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில், போர் நிகழ்ந்த நாடுகளில் மேற்கத்திய அமைப்புகள் நடத்திய மனக்காயத் திட்டங்களின் அடிப்படைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். போரினால் விளைந்த துன்பத்தைத் தனிமனித உள்ளத்தின் நோயாகப் பெயர் மாற்றுவது தவறு என்பது அவர் வாதம். நம் மரபிலும் இதற்கு முன்னோடி உண்டு. பல்கு நகரின் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934) உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலன்களையும் பற்றி எழுதிய நூலில், காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் அறியாது வரும் துக்கத்தையும் வேறுபடுத்தினார். மனத்தை எண்ணங்கள் அரிக்கும்போது தனிமையைத் தவிர்க்கச் சொன்னார். ஸ்ரெப்ரெனிட்சாத் தாயின் துக்கத்திற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அது புதைகுழியில் இருக்கிறது, அதைத் தோண்டியவர்களின் பெயர்கள் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. அவளுக்கு வேண்டியிருந்தது எலும்பு, ஜனாஸா, தீர்ப்பு. உறக்கமும் உணவும் கெட்டு நோயில் விழுந்தவர்களுக்கு மருத்துவரும் மருந்தும் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். ஊசியும் நூலும் அதற்கு மாற்றாகா.

கலையும் மனநலமும் என்றவுடன் நம் எழுத்தாளர்கள் எதிர்னே நகரின் மருத்துவமனையை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. இரண்டாம் பாயஸீத் சுல்தான் 1488இல் கட்டி முடித்த அவ்வளாகத்தில் இசையால் மனநோயாளிகளைப் பேணினர் என்று 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியுள்ளார். அது இன்று அருங்காட்சியகம். 2004இல் ஐரோப்பிய மன்றத்தின் விருதையும் பெற்றது. பெருமைக்குரியதே. எனினும் அங்கு இசைத்தவர்கள் சம்பளம் பெற்ற இசைஞர்கள், நோயாளிகள் கேட்டவர்கள். துஸ்லாவில் நடந்தது வேறு. இங்கே வெளியிலிருந்து வந்து வாசித்துக் காட்டியவர் எவருமில்லை. செய்தவர்களும் துயருற்றவர்களும் ஒருவரே.

அப்படியானால் ஷெஹோவிச்சின் காப்பிக் கிண்ணங்களை எவ்விடத்தில் வைப்பது? அது ஒரு கலைஞரின் படைப்பு. துஸ்லாப் பெண்களின் சங்கம் தொடக்கத்தில் கிண்ணங்களைத் திரட்ட உதவியது. பின்னர் பல நாடுகளில் சிதறிய போஸ்னியக் குடும்பங்கள் தத்தம் வீட்டு ஃபில்ஜான்களை வழங்கின. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று வேறு வேறு நகரங்களின் பொதுவெளிகளில் அது நிகழ்ந்தது. நியூயார்க், டென் ஹாக், இஸ்தான்புல், ஜெனீவா, வெனிஸ் ஆகியவை அவற்றுள் சில. அங்கேயே காப்பி காய்ச்சப்பட்டது. வழிப்போக்கர் எவரும் ஒரு கிண்ணத்தை நிரப்பித் தரையில் வைக்கலாம்.

இதில் எனக்குள்ள ஐயத்தை மறைக்க வேண்டியதில்லை. காப்பியின் மணமும் செம்புப் பாத்திரத்தின் அழகும் ஐரோப்பியச் சதுக்கத்தில் ஒரு வேடிக்கையாக நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஐந்து நிமிடம் குனிந்து ஒரு கிண்ணத்தை வைத்தவர், தாம் ஒரு கடமையை முடித்துவிட்டதாக எண்ணிப் போய்விடலாம். டென் ஹாக்கில் அது நிகழ்ந்தபோது இந்த எளிமை கூர்மையடைந்தது. குற்றவாளிகளை விசாரித்த நீதிமன்றம் அந்நகரில்தான் இருந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் தடுக்காது நின்ற படையினரின் நாடும் அதுவே. மற்ற இடங்களில் எல்லாம் அந்தக் கூர்மை இருந்ததாகக் கூற முடியாது.

ஆனால் அப்படைப்பின் ஒரு கூறு இந்த ஐயத்தைத் தாண்டி நிற்கிறது. விருந்தோம்பலை அது பாதியில் நிறுத்திவிடுகிறது. காப்பி காய்ச்சி, ஊற்றி, முன்னால் வைத்த பின், அருந்துவதற்கு ஆளில்லை. காப்பி ஆறிப் போகிறது. துஸ்லாவின் ஒரு சமையலறையில் ஒருத்தி நாள்தோறும் தனியே அறிந்துவந்ததை அன்று மாலைவரை ஒரு நகரம் முழுவதும் அறிகிறது. புலம்பெயர்ந்த போஸ்னிய இளைஞர்கள் பலர் கொலைகளின்போது குழந்தைகள். சிலர் பிறக்கவே இல்லை. தம் தாய்மார் வாய்திறந்து கூறாத ஒன்றை அந்தக் கிண்ணங்களை ஏந்தியே அவர்கள் முதன்முதலாகத் தொட்டனர் எனலாம். தலையணை உறை செய்தவளுக்கு நன்மை செய்தது. ஃபில்ஜான் அவளருகே நிற்கத் தெரியாதிருந்தவர்களுக்கு நிற்கும் முறையைக் கற்றுக்கொடுத்தது.

2020ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று, கொலைகளின் 25ஆம் ஆண்டில், அப்படைப்பு பொதொச்சாரியில் உள்ள நினைவிடத்தை வந்தடைந்தது. 923 கிண்ணங்களாகத் தொடங்கியது அன்று 8,372 ஆகியிருந்தது. இனி இதனை ஊர் ஊராகக் கொண்டுசெல்வதில்லை என்று ஷெஹோவிச் நிறுத்திக்கொண்டார். எண்ணிக்கை நிறைந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தது ஒரு நல்ல கலைஞரின் முடிவே.

பொதொச்சாரியில் 2003 மார்ச் 31 அன்று முதன்முறையாக 600 பேர் அடக்கம் செய்யப்பட்டனர். அதன் பின்னர் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களுக்கு அங்கே ஜனாஸாத் தொழுகை நடந்துவந்தது. சில எலும்புகள் மட்டும் கிடைத்தபோது, அவற்றோடு அடக்கிவிடுவதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா என்று தாய்மார் முடிவு செய்ய நேர்ந்தது. ஏறத்தாழ 1,000 பேர் இன்னும் மஃப்கூதாகவே உள்ளனர். நினைவிடத்தின் கல்லிலும் 8372 என்ற எண்ணே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் இருக்கின்றன.